பத்துப் பெட்டி வாங்கி வைத்தால் தேனீ பிழைக்குமா?

ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம், முருங்கையும் தென்னையும் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தேனீக்கள் அழிந்து வருவதாகப் படித்துவிட்டு, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று பத்து இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வாங்க நினைக்கிறீர்கள். இதனால் தேனீ இனம் காக்கப்படுமா, தேனும் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. நான் குமரி மாவட்டத்துக்காரன். தேனீ வளர்ப்பு எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தேன் கிடைக்கலாம். தேனீ இனத்தைக் காப்பது வேறு வேலை. அதற்குப் பெட்டி முதல் தேவையே அல்ல. பூ இல்லாத மாதங்களில் பசி, பூ இருக்கும் மாதங்களில் பூச்சிமருந்து, இந்த இரண்டும்தான் நம் ஊரில் தேனீயை அதிகம் கொல்கின்றன. இரண்டையும் கவனிக்காமல் பெட்டியின் எண்ணிக்கையைக் கூட்டினால், இருக்கிற பூவுக்கு வாய்கள்தான் கூடும்.

முதலில் எந்தத் தேனீ என்று பார்ப்போம். நம் ஊரில் தேன் சேர்ப்பவை ஐந்து வகை. பாறையிலும் உயர்ந்த கிளையிலும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டுவது மலைத்தேனீ. புதரிலும் வேலிக் கிளையிலும் உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் வெடிப்பில் பிசினும் மெழுகும் குழைத்துக் கூடு கட்டுவது கொசுத்தேனீ, அதற்குக் கொட்டத் தெரியாது. மரப்பொந்திலும் பழைய கரையான் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ. இந்தியத் தேனீ என்று சொல்வது இதைத்தான். இந்த நான்கும் இந்த மண்ணுக்கே உரியவை. ஐந்தாவதான இத்தாலியத் தேனீ 1962இல் இமாச்சலப் பிரதேசத்து நக்ரோட்டாவில் நிலைபெறச் செய்யப்பட்டு, அங்கிருந்து பஞ்சாபுக்கும் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இத்தாலியத் தேனீயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாதுவானது, தேனும் அதிகம் தரும். ஆனால் அதன் கூட்டம் பெரியது, தீனியும் பெரியது. வடக்கே அதை வளர்ப்பவர்கள் கடுகு பூக்கும்போது ராஜஸ்தானுக்கும், லிச்சி பூக்கும்போது பீகாருக்கும் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவது அதனால்தான். இரண்டு ஏக்கரில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பத்துக் கூட்டத்தை ஆண்டு முழுக்கக் காப்பாற்றுவது உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.

இன்னொன்று வரோவா உண்ணி. இது நம் அடுக்குத்தேனீயோடு காலங்காலமாக வாழ்ந்துவரும் ஒட்டுண்ணி. அடுக்குத்தேனீயின் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் புழுக்களின் அறைகளில் மட்டுமே பெருகும். பணித்தேனீக்களும் ஒன்றின் மேல் ஏறிய உண்ணியை மற்றொன்று கடித்து எடுத்துவிடும். அதனால் கூட்டம் அழிவதில்லை. இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கம் போதாது. அதன் கூட்டில் உண்ணி பணித்தேனீப் புழுக்களின் அறையிலும் புகுந்து பெருகிவிடும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டுகளில் கூட்டமே போய்விடும். ஆகவே மருந்து வைத்தே வளர்க்க வேண்டியிருக்கிறது. பூப் பஞ்சம் வரும்போது இந்தப் பெரிய தேனீ பக்கத்திலிருக்கும் அடுக்குத்தேனீக் கூட்டில் புகுந்து தேனைக் கொள்ளையடிப்பதும் உண்டு. தேனீயைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கும் நீங்கள் இந்தத் தேனீயில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுக்குத்தேனீ போதும். வீட்டை ஒட்டி ஒரு மண்பானையில் கொசுத்தேனீயும் வைக்கலாம்.

அடுக்குத்தேனீக்கும் கண்டம் வந்ததுண்டு. எங்கள் பகுதி அதை மறக்கவில்லை. 1910களில் நியூட்டன் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் அடுக்குத்தேனீயின் அளவுக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துத் தென்னிந்தியாவில் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்றே அதைச் சொல்கிறோம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் அந்தத் தொழிலை ஏழைக் குடும்பங்களின் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தது. அறுபது எழுபது ஆண்டுகள் அது வளர்ந்துகொண்டே போனது. பிறகு 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட நோய் அது. வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து கடைசியில் தெற்கே இறங்கியது. கேரளத்திலும் குமரியிலும் பத்தில் ஒன்பது பெட்டிகள் காலியாயின.

அந்த நோயை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் வேண்டிவரும். நல்ல கூட்டில் முதிர்ந்த புழுவின் அறையைப் பணித்தேனீக்கள் மெழுகால் மூடிவிடும். நோய் கண்ட கூட்டில் பல அறைகள் திறந்தே கிடக்கும். உள்ளே புழு மல்லாந்து, தலையை மேலே தூக்கியபடி செத்திருக்கும். ஒரு ஊசிமுனையால் மெதுவாகத் தூக்கினால் தண்ணீர் நிறைந்த சின்னப் பை போல முழுசாக வெளியே வரும். நாள் கடந்தால் கறுத்துக் காய்ந்து அறையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது. ராணியைச் சிறிது காலம் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி, புழுவே இல்லாத ஓர் இடைவெளியை உண்டாக்குவதும், நோய் கண்ட பெட்டியிலிருந்து அடை கட்டிய மரச்சட்டத்தை எடுத்து நல்ல பெட்டியில் வைக்காமல் இருப்பதும்தான் வழி.

அந்த அழிவிலிருந்து தொழில் மீண்டது எப்படி என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. எந்த மருந்தும் மீட்கவில்லை. நோயிலும் சாகாமல் நின்ற சில கூட்டங்களும், மலையடிவாரத்து மரப்பொந்துகளில் தப்பிப் பிழைத்த காட்டுக் கூட்டங்களும்தான் மீட்டன. அவற்றைப் பிடித்து, ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, அவற்றிலும் தாங்கி நின்றவற்றையே மறுபடி பிரித்துப் பெருக்கினார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் இப்படி மிஞ்சிய தேனீக்களின் வழிவந்தது. பொந்து மரங்கள் அப்போது இல்லாமல் போயிருந்தால் விதைக்குக்கூட ஒரு கூட்டம் கிடைத்திருக்காது.

காட்டுக் கூட்டங்கள் வேறு வகையிலும் வேண்டும். ராணித்தேனீ கூட்டுக்குள் இணைசேர்வதில்லை. வெளியே பறந்து, வானத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்பும். அந்த ஆண்கள் நெருங்கிய உறவாக இருந்தால் முட்டைகளில் ஒரு பகுதி வளர்ச்சிக்கு உதவாதவையாகப் போகும், பணித்தேனீக்களே அந்தப் புழுக்களைத் தின்றுவிடும். அடையைத் தூக்கிப் பார்த்தால் மூடிய அறைகளுக்கு நடுவே சல்லடைக் கண்களாக வெற்று அறைகள் தெரியும். கூட்டம் ஏன் பெருகவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுவும் காரணம். உங்கள் தோட்டத்தைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் பொந்துத் தேனீ இருந்தால், உங்கள் ராணிக்குப் புது இரத்தம் தானாகக் கிடைக்கும். ஆகவே பழைய புளியமரத்தையும் ஆலமரத்தையும் வெட்டாமல் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர், தேனீ வளர்க்காவிட்டாலும் உங்கள் தொழிலில் பங்காளிதான்.

இனி பசி. எங்கள் ஊரில் தேன் வருவது பெரும்பாலும் ரப்பரிலிருந்து, அதுவும் பூவிலிருந்து அல்ல. மார்கழி வாக்கில் ரப்பர் இலை உதிர்த்து, தை மாசியில் செம்பு நிறத்தில் தளிர்விடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் கடுகளவு சுரப்பிகள் இருக்கும். காலையில் இளந்தளிரைப் பிடித்துப் பார்த்தால் அங்கே பளபளவென்று துளி நிற்கும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. பங்குனி வரை தேன் கொட்டும். பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறவர்களும் ஏராளம். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். பின்னாலேயே தென்மேற்குப் பருவமழை. வைகாசியிலிருந்து ஆவணி வரை பல இடங்களில் பூவும் இல்லை, இருக்கும் பூவுக்குப் போக மழை விடுவதும் இல்லை. கூட்டங்கள் சாவதும் ஓடிப்போவதும் அந்த மாதங்களில்தான்.

நல்ல வளர்ப்பாளர் யார் என்பது தை மாதத்தில் தெரியாது, ஆடியில்தான் தெரியும். நியூட்டன் பெட்டியில் கீழே புழு அறை, மேலே தேன் அறை. மேலே இருப்பது நமக்கு, கீழே இருப்பது அவற்றுக்கு. புழு அடையின் மேல் விளிம்பில் வளைவாகத் தேன் சேர்த்து வைத்திருக்கும், அது அவற்றின் பஞ்ச காலத்துச் சேமிப்பு. சீசன் முடிவில் விலை நன்றாக இருக்கிறது என்று அதையும் பிழிந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிழிந்துவிட்டு ஆடியில் கூட்டம் ஓடிவிட்டது என்று தேனீயைப் பழிப்பது நியாயமே இல்லை. புழு அறையில் கைவைக்கவே கூடாது. தேன் அறையிலும் கடைசிச் சுற்றில் ஓரிரு சட்டங்களை அப்படியே விட்டுவிடுங்கள். முக்கால் பாகமாவது மெழுகால் மூடிய அடையிலிருந்து மட்டும் தேன் எடுங்கள். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், வைத்தால் புளித்துவிடும்.

மழை மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகு கொடுக்கலாம். அந்தி சாய்ந்தபின் பெட்டிக்கு உள்ளே வைத்துக் கொடுங்கள், வெளியே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தினால் முதலில் எறும்பு வரும், அடுத்து பக்கத்துக் கூட்டத்துத் தேனீ கொள்ளைக்கு வரும். தேன் வரத்து தொடங்கித் தேன் அறையை ஏற்றிவிட்டால் பாகை அடியோடு நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பிழிந்து விற்பது தேன் ஆகாது. பஞ்ச காலத்தில் கூட்டம் சிறுத்துவிடும். தேனீ மூடாத வெற்று அடைகளில் மெழுகுப்பூச்சி முட்டையிட்டு நூலாம்படை கட்டும். அப்படிப்பட்ட அடைகளை எடுத்து உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். பழகிக் கறுத்த அடைகளையும் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது.

ஆனால் பாகு ஒரு தற்காப்புதான், அது பூவுக்கு ஈடாகாது. புழு வளர மகரந்தம் வேண்டும், சர்க்கரையில் அது கிடையாது. உங்கள் தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்றால், ஒரு நோட்டு எடுத்து மாதாமாதம் சுற்றுவட்டாரத்தில் என்ன பூத்திருக்கிறது என்று எழுதுங்கள். தென்னை மாதந்தோறும் புதுப் பாளை விடுவதால் அது உங்களுக்கு அடிப்படை. முருங்கை பூக்கும் மாதங்களில் கவலையில்லை. வேம்பும் புங்கமும் கோடைக்கு, அடுத்துப் புளி. எந்த மாதத்துப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அந்த மாதத்துக்காக நடுங்கள். வரப்போரம் எள், கொள்ளு, கொத்தமல்லி என்று முறைவைத்து விதைக்கலாம். வேலியில் இலந்தையும் கொடி ரோஸும் விடலாம். எல்லாவற்றையும்விடச் செலவில்லாத வேலை, வரப்பில் களைக்கொல்லி அடிக்காமல் இருப்பது. தும்பையும் நாயுருவியும் மூக்குத்திப்பூவும் நமக்குக் களை. மரங்கள் பூக்காத மாதங்களில் கூட்டுக்குள் மகரந்தம் வருவதே இவற்றிலிருந்துதான்.

பூச்சிமருந்து பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பகுதி காய்கறிப் பகுதி. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் போட்டிருப்பார்கள். நீலமோ பச்சையோ இருந்தால் தேனீக்கும் ஆபத்து குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துக் கொடுக்கப்படுவது. தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்ற பூச்சிமருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேருகின்றன. விதையில் தடவியதுகூடப் பூ வரை எட்டும். உடனே சாகாத அளவு உட்கொண்ட தேனீகூட வழி தவறிக் கூட்டுக்குத் திரும்பாமல் போகிறது. இவ்விரண்டையும் இதே வகை மருந்தான குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. நம்மிடம் அப்படித் தடை இல்லை, ஆகவே பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் பூத்திருக்கும்போது அடிக்கவே அடிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடடைந்தபின், மாலையில். தூள் மருந்து வேண்டாம், அது மகரந்தத்தோடு சேர்ந்து தேனீயின் காலில் ஒட்டிக் கூட்டுக்குள் புழுவின் வாய்வரை போய்விடும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் தேன் எடுத்ததும் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொன்னால் அன்று இரவே வாயிலை அடைத்து, காற்றோட்டமும் நிழலும் பார்த்து, மறுநாள் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது.

உங்கள் முருங்கைக்கு வருகிறேன். முருங்கைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் பெரும்பங்கு கருவண்டுகளுக்கு என்று நம் நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உருண்டு திரண்டு, நீலம் மினுங்கும் இறக்கையோடு காய்ந்த மரத்தைத் துளைத்துக்கொண்டிருக்கும் அந்த வண்டும் தேனீ இனத்தைச் சேர்ந்ததுதான். கத்தரி, தக்காளி பயிரிடுபவர்களுக்கும் அது முக்கியம். அந்தப் பூக்களின் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலவரித் தேனீக்கும் தெரியும். இவை கூட்டமாக வாழ்பவை அல்ல, பெட்டி கொடுத்தாலும் வராது. கருவண்டுக்கு வேண்டியது காய்ந்த மூங்கில், பட்டுப்போன கிளை. நீலவரித் தேனீக்கு வேண்டியது உழாத, கொத்தாத மண்வரப்பு. தோட்டத்தைச் சுத்தமாக வைக்கிறேன் என்று இவற்றையெல்லாம் எரித்துக் கொத்தி எடுத்துவிட்டு, மகரந்தச் சேர்க்கைக்குப் பெட்டி வாங்கி வைப்பது கையில் இருப்பதை எறிந்துவிட்டுக் கடன் வாங்குவதுதான்.

மலைத்தேனீயையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் தண்ணீர்த் தொட்டியிலோ பள்ளிக் கட்டடத்திலோ அது கூடு கட்டினால் உடனே தீவட்டியும் மருந்துப் பம்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அது இடம்பெயரும் தேனீ. பூ முடிந்ததும் சில மாதங்களில் தானாகவே போய்விடும். ஆள் நடமாட்டமும் புகையும் வெளிச்சமும் படாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுவதே சரி. இரவில் கூட்டுக்கு அருகே விளக்கு எரிந்தால் வெளிச்சத்துக்கு இறங்கி வரும், அந்த ஒரு விளக்கை அணைத்தால் பாதித் தொல்லை தீரும். நீலகிரியில் குறும்பர் பழங்குடியினர் பாறைத்தேன் எடுப்பதைப் பாருங்கள். அடையின் மேல்மூலையில் தேன் தனியாகவும் கீழே புழு தனியாகவும் இருக்கும். தேன்பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புழுப்பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் நிலைக்கும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பு இந்த மக்களோடு சேர்ந்து இம்முறையை வலுப்படுத்திவருகிறது. முழு அடையையும் வெட்டி, புழுவோடு பிழிந்து, அதைக் காட்டுத்தேன் என்று விற்பவரிடம் வாங்காமல் இருப்பதும் தேனீப் பாதுகாப்புதான்.

நகரத்தில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2011இல் தமிழகத்து ஆய்வாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, டீ, காபிக் கடைகளில் குடித்துப் போடும் காகிதக் கோப்பைகளைப் பற்றியது. அடியில் மிஞ்சிய இனிப்புக்கு வரும் தேனீக்கள் அதிலேயே விழுந்து ஆயிரக்கணக்கில் சாகின்றன என்று கண்டார்கள். கடையின் குப்பைக்கூடைக்கு ஒரு மூடி போட்டால் போதும். கரும்புச்சாற்றுக் கடைக்கும் இது பொருந்தும்.

தேன் விற்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடுக்குத்தேனீ ஒரு கூட்டம் ஆண்டுக்குப் பொதுவாக ஐந்து முதல் பத்து கிலோ தரும், இடத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சோதனைகளில் தப்பும்படி தயாரித்த சர்க்கரைப் பாகு தேனில் கலக்கப்படுவதை வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பாகுக் கலவையின் விலையோடு போட்டிபோட உங்களால் முடியாது, போடவும் வேண்டாம். தெரிந்தவர்களுக்கு நியாயமான விலையில் கொடுங்கள். தேன் உறைந்தால் கலப்படம் என்று வாங்குபவர் சொல்வார், அசல் தேனும் உறையும், எங்கள் ரப்பர் தேன் வெகு சீக்கிரம் உறையும் என்று பொறுமையாக விளக்குங்கள்.

ஆகவே இந்த ஆண்டு பூ நோட்டு எழுதுவதும், வரப்பைத் தயார் செய்வதும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சிக்குப் போய் வருவதும் போதும். மழை ஓய்ந்து தை பிறக்கும்போது இரண்டே இரண்டு அடுக்குத்தேனீக் கூட்டங்கள் வாங்குங்கள், கூடுமானவரை உங்கள் வட்டாரத்திலேயே. வாங்கும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் பரவியிருக்கின்றனவா, தலைதூக்கிச் செத்த புழு ஒன்றாவது தெரிகிறதா, மேல் விளிம்பில் தேன் வளைவு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். போன மழைக்காலத்தை இந்தக் கூட்டம் எப்படிக் கடந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். இரவில் கொண்டுவந்து, தென்னை நிழலில், வாயில் கிழக்கே பார்க்க, தாங்குக்கால் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும்படி வையுங்கள். பக்கத்தில் கூழாங்கல் போட்ட ஒரு தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். முதல் ஆண்டு தேனைக் கணக்கில் வைக்காதீர்கள். மறுவருடம் தையில், இரண்டில் எது பஞ்சத்தையும் நோயையும் தாங்கி வலுவாக நிற்கிறதோ அதிலிருந்து மூன்றாவது கூட்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.